ஒரு ரூபாய் சம்பளக்காரர்: நீதிபதி முத்துசாமி ஐயரின் கதை



மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதித் தரணும்னு செயற்குழுவில் சொன்னாங்க. யாரை எழுதப் போறேன்னு கேட்டப்ப நான் நீதிபதி முத்துசாமி ஐயர்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் செங்கம் பக்கத்து அக்கா ஒருத்தர், நம்ம மலர்ல ஒரு ஐயரைப் பத்தி, அதுவும் நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால செத்துப் போன ஆம்பளையைப் பத்தி எதுக்குன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதிலை அன்னிக்கு என்னால ஒழுங்காச் சொல்ல முடியல. இப்ப எழுதறேன், படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

இவரை நான் முதல்ல பார்த்தது புஸ்தகத்துல இல்ல, சிலையா. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு என் நில வழக்குக்காகப் போயிருந்தேன். திருவண்ணாமலையில விடிகாலை பஸ் ஏறி, செஞ்சி, திண்டிவனம் வழியா போய் இறங்கி, பாரிமுனையில அந்தச் செவப்புக் கட்டிடத்துக்குள்ள நுழைஞ்சா எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. வக்கீல் குமாஸ்தா தம்பி முன்னால நடக்க, நான் செருப்பைக் கழட்டணுமா வேண்டாமான்னு யோசிச்சிட்டே போறேன். அப்பதான் அந்த வெள்ளைப் பளிங்குச் சிலை கண்ணில் பட்டது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர். காலைப் பார்த்தேன், வெறுங்கால். இவ்வளவு பெரிய கோர்ட்டுல செருப்பு இல்லாம ஒருத்தர் இருக்காரேன்னு எனக்கு ஒரு தைரியம். யாருன்னு தம்பியைக் கேட்டேன். இந்தக் கோர்ட்டுக்கு நீதிபதியான முதல் இந்தியர், மாசம் ஒரு ரூபாய் சம்பளத்துல ஆரம்பிச்சவர்னு சொல்லிட்டு அவர் வேகமா நடந்துட்டார். எனக்கு அந்த ஒரு ரூபாய் மனசிலயே நின்னுடுச்சு. நம்ம குழுவும் ரூபாய் கணக்கிலதானே ஆரம்பிச்சுது!

திருவாரூர் முத்துசாமி ஐயர் பிறந்தது 1832 ஜனவரி 28ஆம் தேதி. அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவில் உச்சுவாடி என்கிற சின்ன கிராமம். வறுமையான குடும்பம். அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். கையில ஒண்ணும் இல்லாத விதவைத் தாய், பிள்ளைகள் நாலு எழுத்து படிக்கணும்னு திருவாரூருக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்துல ஒரு விதவை, அதுவும் அந்தச் சாதியில, சொந்த ஊரை விட்டு வெளியூர்ல போய் பிள்ளைகளைப் படிக்க வைக்கறது எவ்வளவு பெரிய காரியம்னு யோசிச்சுப் பாருங்க. சொத்து கிடையாது, வேலைக்குப் போக வழி கிடையாது, நல்லது கெட்டதுல முன்னால நிக்கக்கூட முடியாது. நம்ம கூட்டமைப்புல கணவரை இழந்தவங்க எத்தனை பேர் இருக்கோம்! நமக்கு இது விளக்கிச் சொல்லத் தேவையில்ல.

ஆனால் படிப்பு நடக்கல. சாப்பாட்டுக்கே வழி இல்லாதபோது பள்ளிக்கூடம் எப்படி? கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாகப் பையன் வேலைக்குப் போனான். சம்பளம் மாசம் ஒரு ரூபாய். கொஞ்ச காலத்துல அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க. மகன் என்ன ஆனான்னு அந்தத் தாய் பார்க்கவே இல்ல. எனக்கு இந்தக் கதையில ரொம்ப வலிச்ச இடம் இதுதான்.

கணக்குப்பிள்ளை வேலைன்னா என்ன? எந்த நிலம் யார் பேர்ல, என்ன பயிர், எவ்வளவு தீர்வை, எவ்வளவு பாக்கி, எல்லாம் எழுதி வைக்கணும். பையன் அதை எழுதினதோட நிக்கல, அத்தனையும் மனசில ஏத்தி வெச்சிருந்தான். அந்த ஊர்த் தாசில்தார் பேரும் முத்துசாமிதான், முத்துசாமி நாயக்கர். ஒருநாள் எங்கயோ கரை உடைச்சுக்கிட்டுதுன்னு சேதி வந்தது. விசாரிக்கச் சொல்ல ஆளைக் கூப்பிட்டால் பெரிய ஆள் யாரும் இல்ல, இந்தப் பையன் மட்டும் இருந்தான். சரி, நீ போய்ப் பார்த்துட்டு வான்னு அனுப்பினார். திரும்பி வந்த பையன், உடைப்பு எவ்வளவு, அதை அடைக்க எத்தனை ஆள் வேணும், என்ன சாமான் வேணும், அது எங்க கிடைக்கும்னு வரிசையாச் சொன்னானாம். தாசில்தாருக்கு நம்பிக்கை வரல. வேற ஆளை அனுப்பிச் சரிபார்த்தார். பையன் சொன்னது அத்தனையும் சரி. இப்படித்தான் அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க.

இந்த இடத்துல நான் நம்ம கணக்காளர்களை நினைச்சுக்கிட்டேன். வங்கி மேனேஜர் திடீர்னு வந்து உங்க குழுவோட உள்கடன் நிலுவை எவ்வளவுன்னு கேட்டா, புஸ்தகத்தைத் திறக்காமயே சொல்ற பொண்ணுங்க நம்மகிட்ட இருக்காங்க. எட்டாவது முடிக்காதவங்க. அவங்களை எந்தத் தாசில்தார் பார்த்தார்?

முத்துசாமி நாயக்கர் பார்த்தார். பார்த்ததோட விடல, பையனுக்கு இங்கிலீஷ் படிக்க ஏற்பாடு செஞ்சார். முதல்ல நாகப்பட்டினத்துல மிஷன் பள்ளிக்கூடம். அப்புறம் சென்னைக்கு அனுப்பினார். கவர்மெண்ட் நடத்தின உயர்நிலைப் பள்ளி அது. பின்னால அதுதான் மாநிலக் கல்லூரி ஆச்சு. அங்கே பவல்னு ஒரு வெள்ளைக்கார வாத்தியார், இந்தப் பிள்ளையை ரொம்ப ஆதரிச்சார். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் தெருவிளக்கு வெளிச்சத்துல படிச்சார்னு ஒரு கதை தலைமுறை தலைமுறையா சொல்லிக்கிட்டு வர்றாங்க. தெருவிளக்கில் படித்த பெரிய மனிதர்கள் நம்ம நாட்டுல நிறைய பேர் உண்டு. அது அப்படியே நடந்துதோ, சொல்லிச் சொல்லி வந்துதோ. ஆனா 1854ல் இங்கிலீஷ் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினார், அது பதிவில் உள்ள விஷயம். மாசம் ஒரு ரூபாய் வாங்கின பையன் ஒரே கட்டுரையில 500 ரூபாய். நாற்பத்தோரு வருஷச் சம்பளத்துக்கு மேல! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒண்ணு சொல்லிடறேன். இதே திருவாரூர்ல அதே வருஷம், அதே மூளையோட ஒரு பொண்ணு பிறந்திருந்தா அவளை எந்தத் தாசில்தாரும் நாகப்பட்டினத்துக்கு அனுப்பியிருக்க மாட்டார். அவர் தெருவுக்கு அடுத்த தெருவுல, வேற சாதியில ஒரு பையன் பிறந்திருந்தாலும் கணக்குப்பிள்ளை பக்கத்துல உக்காரவே விட்டிருக்க மாட்டாங்க. அவர் ஏழைதான், ஆனா அவருக்குத் திறந்த கதவு எல்லாருக்கும் திறக்கல. இதைச் சொல்லாம அவரை மட்டும் புகழ்ந்தா அது பாதிக் கதை. செங்கத்து அக்கா கேட்டதில் இருந்த நியாயமும் இதுதான்னு நினைக்கிறேன்.

படிப்பு முடிஞ்சு சின்னச் சின்ன அரசாங்க வேலைகள் பார்த்தார். பள்ளிக்கூட உதவி ஆய்வாளராகக்கூட இருந்தார். அப்புறம் சட்டப் பரீட்சை எழுதித் தேறி, 1856ல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப். வயசு 24. மூணு வருஷம் கழிச்சு தஞ்சாவூரில் டெபுடி கலெக்டர். 1865ல் மங்களூர் பக்கம், தென்கன்னட ஜில்லாவில் சப் ஜட்ஜ். 1868ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். இந்த உத்தியோக வரிசையை நான் வேகமாச் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா மாஜிஸ்திரேட்டா இருந்தப்ப நடந்த ஒண்ணைச் சொல்லணும்.

உயர் நீதிமன்றத்து வெள்ளைக்கார ஜட்ஜ் ஒருத்தர், தன் இடத்துக்குள்ள வந்துட்டான்னு ஒரு உள்ளூர் ஆளை அடிச்சுட்டார்னு புகார் வந்தது. அந்தக் காலத்துல இது புகாரே கிடையாது, வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முத்துசாமி ஐயர் அந்த ஜட்ஜுக்கு சம்மன் அனுப்பினார். அவர் நேர்ல வரத் தேவையில்லைன்னு விட்டுடலாமேன்னு மேல இருந்தவங்க சொல்லிப் பார்த்தாங்க. இவர் கேக்கல. விசாரிச்சு, குத்தம்தான்னு சொல்லி 3 ரூபாய் அபராதம் போட்டார். 3 ரூபாய் என்ன பெரிய தொகையான்னு கேக்கலாம். அபராதம் கட்டினது யாருன்னு பாருங்க. அடி வாங்கினவனுக்கு ஒரு கோர்ட் இருக்குன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

இதுக்கு நடுவுல அவர் படிப்பை விடல. சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது 1857லதான். அதனால அவர் முதல்ல வேலைக்குப் போகும்போது பட்டம்னு ஒண்ணு கையில இல்ல. மாஜிஸ்திரேட்டா பகல்ல கோர்ட் நடத்திக்கிட்டே சட்டத்துல பி.எல். பட்டம் வாங்கினார். அது போதாதுன்னு, ஜெர்மன் தேசத்துச் சட்ட அறிஞர்கள் எழுதினதைப் படிக்கறதுக்காக ஜெர்மன் பாஷையும் கத்துக்கிட்டார். நாப்பது வயசுக்கு மேல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க நம்மகிட்ட நிறைய பேர். இப்ப எதுக்கு இந்தப் படிப்புன்னு வீட்டில கேட்ட கேலி நமக்குத் தெரியும்.

1878. நம்ம ஊர்ல கேட்டா இன்னமும் தாது வருஷப் பஞ்சம்னு வயசானவங்க சொல்லுவாங்களே, அந்தப் பஞ்சம் முடியற நேரம். வடாற்காடு, தென்னாற்காடு எல்லாம் சுடுகாடா கிடந்த காலம். அந்த வருஷம் முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாப் போட்டாங்க. உயர் நீதிமன்றம் 1862ல் வந்ததிலிருந்து பதினாறு வருஷம் அந்த நாற்காலியில இங்கிலீஷ்காரங்க மட்டும்தான் உக்கார்ந்தாங்க. முதல் தடவையா ஒரு இந்தியர்.

வெள்ளைக்காரங்க நடத்தின சென்னைப் பத்திரிகைகளுக்கு இது பொறுக்கல. கறுப்பு மனுஷன் எங்களை விசாரிக்கறதான்னு எழுத ஆரம்பிச்சாங்க. பதில் எழுத இந்தியர் கையில ஒரு பத்திரிகை இல்ல. அப்ப ஜி.சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார்னு ரெண்டு பள்ளி வாத்தியார்கள், சட்டம் படிச்சுக்கிட்டிருந்த நாலு இளைஞர்கள், ஆக ஆறு பேர் கூடி, நாமே ஒரு பத்திரிகை போடலாம்னு முடிவு பண்ணினாங்க. கையில காசு இல்ல. ஒண்ணே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அடிச்சு, 1878 செப்டம்பர் 20ஆம் தேதி வெளியிட்டாங்க. வாரப் பத்திரிகை, விலை நாலணா. அதுதான் இன்னிக்கு வர்ற தி இந்து பத்திரிகை.

இந்த ஒண்ணே முக்கால் ரூபாயைப் படிச்சப்ப நான் வாய்விட்டுச் சிரிச்சேன். கடன் வாங்கினாத் திருப்பிக் கட்ட முடியுமான்னு எத்தனை வங்கிப் படி ஏறி இறங்கினோம்! ஆறு பேர் சேர்ந்து, பொதுவா ஒரு காரணத்துக்காகக் கடன் வாங்கினா அது எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும். அந்த ஆறு பேர்ல ஒருத்தரான சுப்பிரமணிய ஐயர்தான் 1882ல் சுதேசமித்திரன் தமிழ்ப் பத்திரிகையை ஆரம்பிச்சார். சின்ன வயசுல விதவையான தன் மகளுக்கு, ஊரே எதிர்த்து நின்னபோது, 1889ல் மறுமணம் செஞ்சு வெச்சவரும் அவர்தான்.

முத்துசாமி ஐயரும் பெண்கள் படிக்கணும், விதவைகள் மறுமணம் செய்யலாம்னு சொல்ற பக்கத்தில் இருந்தவர். ஆனா சுப்பிரமணிய ஐயர் மாதிரி ஊரைப் பகைச்சுக்கிட்டு நிக்கற சுபாவம் அவருக்கு இல்லன்னு நினைக்கிறேன். அவர் வேலை தீர்ப்பு எழுதறது. 1885ல் காங்கிரஸ் வந்தபோதும் அவர் மேடையேறல, ஜட்ஜ் நாற்காலியிலேயே இருந்தார். அரசாங்கத்துக்கு ரொம்ப நல்ல பிள்ளையா இருந்தார்னு ஒருத்தர் குறை சொன்னா நான் மறுத்துப் பேச மாட்டேன்.

அந்த வேலை எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் சொல்லணும், நம்ம உறுப்பினர்களுக்கு இது பிரயோஜனப்படும். நிலத் தகராறு, பாகப் பிரிவினை வழக்கு எல்லாம் முதல்ல கீழ்க் கோர்ட்டுல நடக்கும். அங்க சாட்சி விசாரணை, பத்திரம் காட்டறது எல்லாம் உண்டு. தோத்தவங்க மேல் கோர்ட்டுக்குப் போகலாம். அதுதான் அப்பீல், மேல்முறையீடு. அப்பீல்ல பொதுவா புதுசா சாட்சி கூப்பிட மாட்டாங்க. கீழே என்ன பதிவாச்சோ அந்தக் காகிதத்தை வெச்சுத்தான் பேச்சு. அதுக்கு மேல உயர் நீதிமன்றத்துக்கு ரெண்டாம் அப்பீல் போனா, சட்டத்துல முக்கியமான கேள்வி ஏதாவது இருந்தாத்தான் எடுப்பாங்க. முத்துசாமி ஐயர் பதினாறு வருஷத்துக்கு மேல இந்த வேலையைத்தான் செஞ்சார். தத்து, பாகம், விதவையோட ஜீவனாம்சம், கோயில் சொத்துன்னு ஜில்லா ஜில்லாவா வந்த வழக்குகள். சாஸ்திரம் என்ன சொல்லுது, ஊர் வழக்கம் என்ன சொல்லுது, இங்கிலீஷ் சட்டம் என்ன சொல்லுது, மூணையும் வெச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஆளா அவர் இருந்தார். அவர் எழுதின தீர்ப்புகள் சட்ட அறிக்கைப் புத்தகங்கள்ல அச்சாகி, வக்கீல்கள் பின்னாலும் எடுத்துக் காட்டற மாதிரி நின்னுது.

அன்னிக்கு இருந்த இந்துச் சட்டப்படி, கணவன் சொத்து விதவைக்கு வந்தாலும் ஆயுசுக்கும் அனுபவிக்கலாம், அவ்வளவுதான். இஷ்டப்படி விக்க முடியாது, எழுதிக் கொடுக்க முடியாது. அதுவும் கூட்டுக் குடும்பச் சொத்துன்னா சோறும் துணியும்தான். இந்தச் சட்டத்தை அவர் மாத்தல, ஜட்ஜ் மாத்தவும் முடியாது. 1956ல்தான் நமக்கு முழு உரிமை வந்தது. பொண்ணுங்களுக்குப் பிறப்பிலேயே பங்குன்னு தமிழ்நாட்டுல 1989ல் வந்தது, நாடு முழுக்க 2005ல். அவர் செத்து எத்தனை காலம் கழிச்சு, பாருங்க.

பொம்பளைங்க விஷயத்துல அவர் நேரடியா உக்கார்ந்த ஒரு வேலை, 1891ல் போட்ட மலபார் திருமணக் கமிஷன். அதுக்கு அவர்தான் தலைவர். மலபார்ல மருமக்கள் தாயம்னு வழக்கம். வீடும் நிலமும் அம்மா வழியில போகும், ஆனா நிர்வாகம் வீட்டு மூத்த ஆம்பளை கையில. அங்க நடந்த சம்பந்தம்கிற கல்யாணத்தைக் கோர்ட்டு கல்யாணமா ஒத்துக்கல. அப்ப மனைவிக்கும் குழந்தைக்கும் அந்த ஆம்பளைகிட்ட கேக்க என்ன உரிமை? இதை விசாரிக்கத்தான் கமிஷன். இந்துலேகா நாவல் எழுதின சந்து மேனோன், பின்னால ஜட்ஜான சங்கரன் நாயர் எல்லாம் அதில் இருந்தாங்க. ஆளுக்கு ஒரு கருத்து, ஒத்துப் போகல. கடைசியில 1896ல் ஒரு சட்டம் வந்தது, விருப்பப்பட்டவங்க பதிவு பண்ணிக்கலாம்னு. பதிவு பண்ணினவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். சட்டம் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நாம நினைக்கிறோம். வீட்டுக்குள்ள அது நுழைய இன்னும் எத்தனை வாசப்படி தாண்டணும்!

1892 ஜூலையில இப்ப இருக்கிற செவப்புக் கட்டிடத்துக்கு உயர் நீதிமன்றம் குடி போச்சு. அதனால நான் வழி தெரியாம நின்ன அதே தாழ்வாரத்துல அவரும் நடந்திருக்கார். 1893ல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தாங்க. அதே வருஷம் மூணு மாசம் தற்காலிகத் தலைமை நீதிபதியாவும் இருந்தார். 1895 ஜனவரி 25ஆம் தேதி, வேலையில இருக்கும்போதே, அறுபத்து மூணு வயசு நிறைய மூணு நாள் இருக்கும்போது காலமானார். நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா, ரமணர் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்ததுக்கு முந்தின வருஷம். 1898ல் வேட் என்கிற சிற்பி செஞ்ச சிலையை உயர் நீதிமன்றத்துல வெச்சாங்க. நான் பார்த்தது அதைத்தான்.

அவர் உக்கார்ந்த கோர்ட்டுல ஒரு பொம்பளை வக்கீலா நிக்கவே இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கேரளாவில் அன்னா சாண்டி 1959ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனாங்க, இந்தியாவிலேயே முதல் பெண் அவங்கதான். அவங்களும் தகப்பன் இல்லாம தாய் வளர்த்த பிள்ளை. உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் 1989ல் பாத்திமா பீவி. நம்ம தமிழ்நாட்டுக்கு அப்புறம் கவர்னரா வந்தாங்களே, அவங்கதான். நான் கோர்ட்டுல காத்திருந்த அன்னிக்கு உள்ள உக்கார்ந்திருந்ததும் ஒரு அம்மாதான். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போச்சு.

இப்ப என் வழக்கைச் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. வீட்டுக்காரர் தவறின வருஷம், வங்கிக் கணக்கை மாத்தணும்னு சொல்லி உறவுக்காரங்க என்கிட்ட சில காகிதத்துல கைரேகை வாங்கினாங்க. பின்னாலதான் தெரிஞ்சுது, அது என் பங்கை விட்டுக் கொடுத்ததா எழுதின விடுதலைப் பத்திரம்னு. கோர்ட்டுக்குப் போனேன். முதல் கோர்ட்டுல தோத்தேன். பத்திரம் இருக்கு, ரேகை உன்னுடையது, அப்புறம் என்னன்னு ஆயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி கிரிவலப் பாதையில உக்கார்ந்து அழுதது நம்ம குழுத் தலைவிக்குத் தெரியும்.

அப்பீல் போடறதுக்கு நாள் கெடு உண்டு. மாவட்ட அளவுல இருக்கிற கோர்ட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். அழுதுக்கிட்டே உக்கார்ந்திருந்தா கெடு போயிடும், முதல்ல தீர்ப்பு நகலுக்கு மனு போடுங்க. பணம் இல்லன்னு விட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமயே இலவசமா வக்கீல் வெச்சுத் தரணும்னு 1987ஆம் வருஷச் சட்டம் சொல்லுது. கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். எனக்கு வக்கீல் அப்படிக் கிடைச்சவர்தான்.

மேல் கோர்ட்டுல என்னைக் காப்பாத்தினது நம்ம தீர்மானப் புத்தகம். பத்திரம் எழுதின தேதிக்கு நாலு மாசம் முன்னாலயே நான் குழுவில் கையெழுத்துப் போட ஆரம்பிச்சுட்டேன். கூட்டம் கூட்டமா என் கையெழுத்து அதில் இருக்கு, கோணல் மாணலா. கையெழுத்துப் போடத் தெரிஞ்ச பொம்பளை பத்திரத்துல ஏன் வெறும் ரேகை மட்டும் வெச்சாள்? முதல் கோர்ட்டுலயே அந்தப் புத்தகத்தைக் கொடுத்து நம்பர் போட்டிருந்தோம், ஆனா அதை யாரும் பெரிசா எடுத்துக்கல. மேல் கோர்ட் ஜட்ஜ் அதை ஒவ்வொரு பக்கமாப் புரட்டிப் பார்த்தார்னு வக்கீல் சொன்னார். தீர்ப்பு என் பக்கம். அவங்க விடல, உயர் நீதிமன்றத்துக்கு ரெண்டாம் அப்பீல் போயிருக்காங்க. அதுக்குத்தான் நான் சென்னைக்கு அலையறேன்.

அப்பீல்ல பேசறது காகிதம்தான்னு சொன்னேனே. அந்தக் கணக்குப்பிள்ளைப் பையன் ஊர்க் கணக்கை எழுதி எழுதித்தான் ஆளானான். நானும் ஒரு ரூல் போட்ட நோட்டாலதான் இன்னிக்கு வரைக்கும் அந்த அரை ஏக்கர்ல கடலை போட்டுக்கிட்டிருக்கேன். கூட்டம் முடிஞ்சா அவசரமா வீட்டுக்கு ஓடாம தீர்மானத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கன்னு நான் எல்லாரையும் நச்சரிக்கறது இதனாலதான். கோவிச்சுக்காதீங்க.

போன மாசம் தேதிக்குப் போனப்ப நம்ம உறுப்பினர் ஒருத்தர் மகளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பன்னிரண்டாவது முடிச்சிருக்கு, சட்டம் படிக்கணும்னு ஆசை. வேலூர்லயும் விழுப்புரத்துலயும் அரசு சட்டக் கல்லூரி இருக்கு, அதுவே எல்லாம் விசாரிச்சு வெச்சிருக்கு. அதுங்க அம்மாவுக்கு, அஞ்சு வருஷம் படிக்க வெச்சா கல்யாணம் யார் பண்ணுவாங்கன்னு கவலை. சிலைகிட்ட அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் நின்னுது. என்ன பார்க்கறேன்னு கேட்டேன். இவருக்கு ஏன் செருப்பு போடலன்னு கேட்டுது. அப்படித்தான் இருந்திருப்பார்னு சொன்னேன். பஸ்ல வரும்போது ஒண்ணும் பேசல. அன்னிக்குப் பௌர்ணமி வேற, செஞ்சியில இருந்து நின்னுக்கிட்டேதான் வந்தோம்.

அந்தப் பிள்ளையோட கல்விக்கடன் மனு வர்ற மாசக் கூட்டத்துல எடுக்கறோம். போன தடவை கோரம் இல்லாம தள்ளிப் போச்சு. எல்லா ஊராட்சிப் பிரதிநிதிகளும் வந்துடுங்க. செங்கத்து அக்கா, நீங்களும்தான்.